குடிமக்கள் அனைவரும் ‘நீங்கள்’தான்

தமிழில் ஒருவரிடமோ ஒருவரைப் பற்றியோ பேச வாய் திறந்தால், அவருக்கு எவ்வளவு மரியாதை என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள் என்று வினைமுற்றின் கடைசி எழுத்துகளிலேயே அந்தத் தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வா, வாங்க என்னும் ஏவலிலும் அப்படியே. தீர்மானிக்க முடியாமல் தடுமாறுகிறவர்கள் ‘சாப்பாடு ஆச்சா?’, ‘எந்த ஊரு?’ என்று முன்னிலையையே விட்டுவிட்டுப் பேசித் தப்பிப்பதை நாள்தோறும் கேட்கிறோம். நண்பர்களுக்குள்ளும் உறவுகளுக்குள்ளும் இது அவரவர் விருப்பம். வட்டாட்சியர் அலுவலகம், காவல் நிலையம், அரசு மருத்துவமனை, நியாயவிலைக் கடை, அரசுப் பேருந்து ஆகிய இடங்களில் நிலைமை வேறு. அங்கே பேசுகிறவர் அரசின் சம்பளத்தில், அரசின் பெயரால் பேசுகிறார். ஒருவருக்கு ‘உட்காருங்க’ என்றும் அவருக்கு அடுத்து வந்தவருக்கு ‘அந்தப் பக்கம் நில்லு’ என்றும் அவர் சொன்னால், அரசே தன் மக்களைத் தரம் பிரிக்கிறது என்றுதான் பொருள். அரசின் சார்பில் பேசும் எவரும் வயது வந்த குடிமக்கள் எவரையும் ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும். இதைத் தனிமனிதரின் நற்பண்புக்கு விட்டுவிடாமல் பணி விதியாகவே ஆக்க வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வு தமிழோடு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இலக்கியச் சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. புறநானூற்றுப் புலவர்கள் மூவேந்தரையும் குறுநில மன்னர்களையும் பெரும்பாலும் ‘நீ’ என்றே முன்னிலைப்படுத்திப் பாடினார்கள். பரிசில் வேண்டி வந்த புலவர் நாடாளும் மன்னனை ஒருமையில் அழைத்ததில் இருவருக்குமே இழுக்கு இருக்கவில்லை. தேவாரமும் திருவாசகமும் இறைவனை ‘நீ’ என்கின்றன. ஒருவரைப் பன்மையால் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியரும் அறிந்திருந்தார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் அதை வழக்கில் வந்த உயர்சொல் என்று ஏற்றுக்கொண்டவர், இலக்கண நெறியாக மட்டும் ஏற்கவில்லை. ‘நீர்’, ‘அவர்’ ஆகியவை முதலில் பலரைச் சுட்டிய சொற்கள். மரியாதை கருதி ஒருவருக்கும் அவை வழங்கத் தொடங்கின. அந்த மரியாதை போதாமல் போனபோது ‘கள்’ சேர்ந்த வடிவங்கள் அந்த இடத்துக்கு வந்தன. இன்று ‘தலைவர் அவர்கள்’ என்று ஒரே ஒருவருக்குப் பன்மைமேல் பன்மை அடுக்குகிறோம். யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளும் வழக்கில் இருக்கின்றன. ஆக, மரியாதையின் படிநிலை சமூகத்தோடு சேர்ந்து வளர்ந்தது, சமூகத்தோடு சேர்ந்து மாறியும் வந்திருக்கிறது. ‘நம் பண்பாடு அப்படித்தான்’ என்று கைவிரிக்க மொழியின் வரலாறு இடம் தரவில்லை.

‘நீ’ என்ற சொல்லில் இழிவு ஏதும் இல்லை. ஒரு பக்கம் மட்டுமே அதைச் சொல்ல முடிந்த நிலைதான் அதை இழிவாக்கியது. பண்ணையாரின் வீட்டுச் சிறுவன், தன் தாத்தா வயதுள்ள கூலித் தொழிலாளியைப் பெயர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிடுவதும், அந்த முதியவர் தலைகுனிந்து ‘சாமி’ என்றோ ‘ஆண்டே’ என்றோ பதில் சொல்வதும் நம் கிராமங்களில் ஒழுங்கின் அடையாளமாகவே கருதப்பட்டன. 1940களில் கீழத் தஞ்சையில் பி.சீனிவாச ராவ் முன்னின்று நடத்திய விவசாயத் தொழிலாளர் இயக்கம் கூலி உயர்வோடு நின்றுவிடவில்லை. சாணிப்பால் புகட்டும் தண்டனையும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று போராடியபோதே, ‘டா’ போட்டு அழைப்பவருக்கு அதே சொல்லில் பதில் தரும் துணிவையும் அது பண்ணையாட்களுக்கு ஊட்டியது. கூலியும் அழைப்பும் ஒரே அடிமைத்தனத்தின் இரண்டு கைகள் என்பதை அந்த மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். சுயமரியாதை இயக்கம் தன் பெயரிலேயே இந்தக் கேள்வியைச் சுமந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த அதன் முதல் மாகாண மாநாட்டில் தலைவர்கள் பலர் தங்கள் சாதிப் பட்டங்களைத் துறந்தார்கள். 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு, அரசு வழக்கிலிருந்து ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’யை நீக்கி ‘திரு’, ‘திருமதி’யைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் நூற்றாண்டு அரசியலில் பெரும் பகுதி, யார் யாரை எப்படி அழைப்பது என்பதைப் பற்றியதுதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. உடற்குறையைச் சுட்டிய பழைய சொற்களின் இடத்துக்கு ‘மாற்றுத் திறனாளி’ வந்தது. ஏளனச் சொற்களின் இடத்துக்குத் ‘திருநங்கை’ வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் 2020இல் ‘தூய்மைப் பணியாளர்கள்’ ஆனார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியால், பால்புதுமையரைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழிலேயே வெளியிட்டது. இவை ஒவ்வொன்றும் வரவேற்கத்தக்க மாற்றம். ஆனாலும் இவை எல்லாம் பெயர்ச்சொல்லில் நடந்த மாற்றங்கள். பெயர்ப்பலகையிலும் அரசாணையிலும் செய்தித்தாளிலும் புதிய பெயர் வந்துவிடுகிறது; பேச்சில் வரும் வினைமுற்று மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ‘தூய்மைப் பணியாளர்’ என்று வருகைப் பதிவேட்டில் எழுதும் அதே மேற்பார்வையாளர், தம்மைவிட இருபது வயது மூத்த பணியாளரிடம் ‘நேத்து ஏன் வரலை நீ?’ என்று கேட்டால், மாறியிருப்பது காகிதம் மட்டுமே. பெயர்ச்சொல்லை ஓர் ஆணையால் ஒரே நாளில் மாற்றலாம். வினைமுற்றோ ஒவ்வொரு வாக்கியத்திலும், கேட்பவரின் முகத்துக்கு நேரே, புதிதாகத் தீர்மானிக்கப்படுகிறது. மரியாதை உண்மையில் இருக்கிறதா என்று தெரியும் இடம் அதுதான்.

அரசு அலுவலகத்தின் சன்னலுக்கு முன் இந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். வந்தவரின் சட்டை, செருப்பு, தோல் நிறம், கையில் இருப்பது கைப்பையா மஞ்சள் பையா, பேச்சில் ஆங்கிலம் கலக்கிறதா, எந்த ஊர் வட்டார வழக்கு என்பவையெல்லாம் ஒரு நொடியில் எடைபோடப்படுகின்றன. அந்த நொடியின் முடிவில் ஒருவர் ‘சொல்லுங்க சார்’ ஆகிறார், இன்னொருவர் ‘என்னய்யா வேணும் உனக்கு?’ ஆகிறார். உறவுமுறைச் சொல்லும் இதைச் சரிசெய்துவிடுவதில்லை. முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் மூதாட்டியை ‘அம்மா’ என்று அழைத்துவிட்டு, ‘உனக்குத்தான் சொல்றேன், அடுத்த வாரம் வா’ என்று முடிக்கும்போது அந்த ‘அம்மா’வில் மிஞ்சுவது என்ன? எடைபோடுகிறவர் இதை வேண்டுமென்றே செய்வதாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அவருக்கே தெரியாமல், பழக்கத்தால் நடக்கிறது. தெரியாமல் நடப்பதால்தான் விதி தேவைப்படுகிறது. ஆளைப் பார்க்காமல் பேசும் இடங்களில் அரசுத் துறையின் தமிழ் ஏற்கெனவே சமத்துவமாகத்தான் இருக்கிறது. ரயில் நிலையத்தில் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஒலிக்கும் அறிவிப்பு, குளிர்சாதனப் பெட்டியில் ஏறுகிறவரையும் முன்பதிவில்லாப் பெட்டிக்கு ஓடுகிறவரையும் ஒன்றாகவே அழைக்கிறது. ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்ற அரசுத் திட்டத்தின் பெயரே மக்களை ‘உங்கள்’ என்கிறது. பதிவுசெய்த குரலும் திட்டத்தின் தலைப்பும் தரும் மரியாதையை, நேரில் நிற்கும் ஊழியரும் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம் அல்ல.

இந்தச் சமமின்மைக்கு மறுபக்கமும் உண்டு. கீழே இருப்பவரை ஒருமையில் அழைக்கும் அதே அமைப்பு, மேலே இருப்பவரை நோக்கி அவர் எழுதும் மொழியைப் பணிவால் நிரப்பிவைத்திருக்கிறது. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வரும் மனுக்களைப் புரட்டினால் ‘ஐயா அவர்களின் சமூகத்துக்கு’, ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்’, ‘கருணை கூர்ந்து’ ஆகிய தொடர்கள் வந்துகொண்டே இருக்கும். பட்டா மாறுதலும் குடும்ப அட்டையும் சாதிச் சான்றிதழும் யாருடைய கருணையும் அல்ல. சட்டமும் விதியும் வகுத்த உரிமைகள். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது, தகவல் கேட்பதற்கான காரணத்தை விண்ணப்பதாரர் சொல்லத் தேவையில்லை என்று அதன் 6(2) பிரிவு தெளிவாகச் சொன்னது. குடிமக்கள் அரசிடம் நிமிர்ந்து நின்று கேட்கலாம் என்பதைச் சட்ட மொழியில் எழுதிவைத்த பிரிவு அது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள மாத்தூர் கிராம ஊராட்சி 2021இல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. தன் அலுவலகத்துக்குள் ‘சார்’, ‘மேடம்’ வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. விண்ணப்பங்களில் கெஞ்சும் சொற்களுக்குப் பதிலாக உரிமையைக் கோரும் சொற்களை எழுதலாம் என்றும் அறிவித்தது. ஊராட்சி அளவில் எடுத்த அந்த முடிவு நாடு முழுவதும் பேசப்பட்டது.

மேல்மட்டத்திலும் இத்தகைய திருத்தங்கள் நடந்திருக்கின்றன. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது கூறு, ராணுவத் தகுதியும் கல்வித் தகுதியும் நீங்கலாக, அரசு எந்தப் பட்டமும் வழங்கக் கூடாது என்கிறது. ‘மை லார்ட்’ என்று நீதிபதிகளை அழைக்கும் வழக்கத்தைக் காலனியத்தின் எச்சம் என்று கருதிய இந்திய வழக்கறிஞர் மன்றம், 2006இல் மாற்று அழைப்புகளைப் பரிந்துரைத்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே.சந்துரு, தம்மை அப்படி அழைக்க வேண்டாம் என்று வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி 2012இல், ‘மேதகு’ என்ற பொருளில் வழங்கிவந்த ஆங்கில அடைமொழியை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தவிர்க்கச் சொன்னார். உச்சியில் இருப்பவர்கள் தங்கள் மீதான அலங்காரத்தைக் கழற்றிவைக்க முன்வந்தது நல்லது. சமத்துவத்துக்கு அது பாதி வழிதான். மேலிருந்து குறைப்பது ஒரு பாதி என்றால், கீழே மறுக்கப்பட்டதை வழங்குவது மறுபாதி. நீதிபதி ‘பிரபு’ ஆக வேண்டாம் என்பதோடு, சாட்சிக்கூண்டில் நிற்கும் கூலித் தொழிலாளி ‘நீ’ ஆகவும் வேண்டாம்.

உலக மொழிகள் பலவும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைச் சொற்களை இரண்டு ஆற்றல்கள் ஆள்வதாகச் சொன்னது. ஒன்று அதிகாரம், மற்றது நெருக்கம். அதிகாரம் ஆண்ட காலத்தில் மேலோர் கீழோரை ஒருமையில் அழைத்து, பன்மையைத் திரும்பப் பெற்றார்கள். நெருக்கம் ஆளத் தொடங்கியதும் இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறிக்கொண்டார்கள். அப்படி ஒரே சொல்லுக்கு வர இரண்டு வழிகள் உண்டு. சுவீடன் ‘நீ’யின் வழியில் போனது. பட்டத்தையும் பதவியையும் சொல்லிப் படர்க்கையில் அழைக்கும் சிக்கலான வழக்கம் அங்கே இருந்தது. 1967இல் அந்நாட்டு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற புரோர் ரெக்ஸெட், ஊழியர்கள் எல்லோரையும் ஒருமையிலேயே அழைக்கப்போவதாக அறிவித்தது அந்த மாற்றத்தின் அடையாளமாயிற்று. சில ஆண்டுகளில் நாடே அதற்கு மாறியது. ஆங்கிலம் எதிர்வழியில் போனது. பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாக இருந்த ‘யூ’, ஒருமையான ‘தவ்’வைப் பொது வழக்கிலிருந்தே வெளியேற்றிவிட்டு எல்லோருக்கும் உரியதாயிற்று.

தமிழுக்கு எந்த வழி பொருந்தும்? பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793இல், அரசு அலுவலகங்களில் எல்லோரும் எல்லோரையும் ஒருமையில் அழைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அது வழக்கொழிந்தது. தங்கள் மரியாதை பறிக்கப்பட்டதாக மக்கள் உணரும் சமத்துவம் நிலைப்பதில்லை. நம் சமூகத்தில் ‘நீ’ என்ற சொல், தலைமுறைகளாக ஒரு சாராரின் முதுகில் விழுந்த சொல். அதையே எல்லோருக்கும் பங்கிட்டால், அதனால் காயப்பட்டவருக்கு ஆறுதல் கிடைக்காது. காயப்படாதவருக்குக் கோபம்தான் வரும். ‘நீங்கள்’ யாரையும் தாழ்த்துவதில்லை. அதிகாரி பெறும் அதே சொல்லை ஆடு மேய்ப்பவரும் பெறுவதால் அதிகாரிக்கு எதுவும் குறைந்துவிடாது. அரசுக்கு ஒரு பைசா செலவும் இல்லை. ஆகவே தமிழ்ப் பொதுவெளியின் சமத்துவம் மேல்நோக்கியே நடக்க வேண்டும்.

‘நீ’ என்பதுதானே அன்பின் சொல், தாயையும் தெய்வத்தையும் அப்படித்தானே அழைக்கிறோம், எல்லோரையும் ‘நீங்கள்’ என்றால் பேச்சில் ஈரம் வற்றிவிடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழின் அழகுகளில் ஒன்று அந்த நெருக்கம். அது வீட்டிலும் நட்பிலும் கோயிலிலும் என்றும் இருக்கட்டும். நெருக்கத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. எதிரில் இருப்பவரும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். மகள் தாயை ‘நீ’ என்கிறாள், தாயும் மகளை ‘நீ’ என்கிறாள். பக்தர் இறைவனை ‘நீ’ என்று உரிமையோடு கேட்கிறார். மனு கொடுக்க வந்தவர் எழுத்தரைப் பார்த்து ‘நீ எப்போ சீட்டுக்கு வருவே?’ என்று கேட்டுவிட்டு மனுவோடு வீடு திரும்ப முடியுமா? திருப்பிச் சொல்ல முடியாத ‘நீ’யில் அன்பு இல்லை, அதிகாரம்தான் இருக்கிறது. வட்டார வழக்கைச் சொல்லியும் மறுப்பு வரலாம். கொங்குப் பகுதியில் ‘ங்க’ இல்லாமல் பேச்சே இல்லை. நெல்லைப் பக்கம் ‘வாரும்’, ‘இரும்’ என்று நடுத்தர மரியாதை உண்டு. சென்னையில் ‘வாப்பா’, ‘சொல்லும்மா’ என்பவை தோழமையின் ஒலிகள். எல்லாரையும் ஒரே தமிழ் பேசச் சொல்வது அந்த வளத்தைக் கெடுக்கும் என்பது அப்படி மறுப்பவர்களின் கவலை. யாரும் எழுத்துத் தமிழில் பேசத் தேவையில்லை. எந்த வட்டாரத்திலும் பெரியவர்களுக்கென்று ஒரு மரியாதை வடிவம் இருக்கிறது. அந்தந்த ஊர் ஊழியர், தம் ஊரின் பெரிய மனிதருக்குத் தரும் அதே வடிவத்தை ஏழைக்கும் தந்தால் போதும்.

காவல் துறையைச் சேர்ந்தவர்கள் இன்னொரு வாதத்தை வைப்பார்கள். குற்றவாளியிடம் ‘வாங்க, போங்க’ என்று பேசினால் பயம் போய்விடும், விசாரணை நடக்காது என்பார்கள். காவல் நிலையத்துக்குள் வருகிறவர்களில் புகார் கொடுப்பவர், சாட்சி சொல்பவர், கடவுச்சீட்டுச் சரிபார்ப்புக்கு வருபவர் என்று குற்றத்தோடு தொடர்பே இல்லாதவர்கள் எத்தனையோ பேர். சந்தேகத்துக்குரியவரும் குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பதுதான் நம் சட்டம். உறுதி வேறு, இழிவு வேறு. உண்மையை வெளிக்கொணரும் கேள்விக்கு ஒருமை தேவையில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில், பொதுமக்களை ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று காவலர்கள் அழைக்கக் கூடாது என்று சொல்லி, அதற்கான சுற்றறிக்கையை வெளியிடுமாறு மாநிலக் காவல் துறைத் தலைவரைப் பணித்தது, சுற்றறிக்கையும் வந்தது. அண்டை மாநிலத்தில் முடிந்தது இங்கே முடியாது என்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு வேறொன்று. சொல்லில் என்ன இருக்கிறது, மரியாதையாகப் பேசிக்கொண்டே லஞ்சம் கேட்பவரும் உண்டு, கடிந்து பேசிக்கொண்டே வேலையை முடித்துத் தருபவரும் உண்டு, முதலில் வேலை நடக்கட்டும் என்பது அது. வேலை நடக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சொல்லும் செயலும் தனித்தனி அறைகளில் வாழ்வதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் காவலர்கள் வாகனங்களை நிறுத்திப் பேசிய 981 நிகழ்வுகளை, அவர்களின் உடலில் பொருத்திய கேமராப் பதிவுகளைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல் சொல்லாக ஆராய்ந்தார்கள். 2017இல் வெளியான முடிவு இது: வெள்ளையரிடம் பேசியதைவிடக் கறுப்பினத்தவரிடம் காவலர்கள் மரியாதை குறைவாகப் பேசினார்கள். காவலரின் இனம், விதிமீறலின் தன்மை, இடம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. இந்தப் பாகுபாட்டைச் செய்யப் பெரிய வசைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. அழைக்கும் விதம், நன்றி, வருத்தம் தெரிவித்தல் ஆகிய சின்னஞ்சிறு சொற்களே போதுமாயிருந்தன. மக்கள் ஏன் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்பதைச் சிகாகோ நகரில் ஆராய்ந்த டாம் டைலர், 1990இல் வெளியிட்ட நூலில் காட்டியதும் இதை ஒட்டியதே. தீர்ப்பு தமக்குச் சாதகமா என்பதைவிட, தம்மை நியாயமாகவும் கண்ணியமாகவும் நடத்தினார்களா என்பதே மக்கள் அரசு அமைப்புகளின் மீது வைக்கும் நம்பிக்கையில் அதிகம் எடைபோடுகிறது.

நம் ஊரில் இதன் விளைவு இன்னும் நேரடியானது. அரசு மருத்துவமனையில் ‘என்ன பண்ணுது உனக்கு? சீக்கிரம் சொல்லு’ என்று கேட்கப்படும் நோயாளி, மூன்று தொந்தரவுகளில் ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். சொல்லாமல் விட்ட இரண்டில்தான் நோயின் வேர் இருக்கலாம். காவல் நிலையத்தில் ‘இதுக்கெல்லாம் வந்துட்டியா?’ என்று கேட்கப்படும் பெண், அடுத்த முறை அடி வாங்கினாலும் வரமாட்டார். ‘உன் பேர் லிஸ்ட்ல இல்லை, போ’ என்று சொல்லப்படும் முதியவர், பட்டியலில் ஏன் இல்லை என்று திருப்பிக் கேட்கமாட்டார். ஒருமையில் அழைக்கப்பட்டவருக்கு வாக்கியம் சுருங்குகிறது, குரல் தாழ்கிறது, கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அலுவலகம் பெற வேண்டிய தகவல் அதற்குக் கிடைப்பதில்லை. குடிமக்கள் பெற வேண்டிய பதில் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. மரியாதையான முன்னிலை, மேலே பூசும் அலங்காரம் என்று நினைப்பது பிழை. பேச்சின் மறுமுனையில் இருப்பவர் தைரியமாக வாய் திறப்பதற்கான முதல் ஏற்பாடு அது.

செய்ய வேண்டியவை எளியவை. பொதுமக்களிடம் பேசும்போது மரியாதைப் பன்மையையே பயன்படுத்த வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் ஓர் அரசாணை வர வேண்டும். நடத்தை விதிகளிலும் அது இடம்பெற வேண்டும். ஒப்பந்த ஊழியர்களும் காவலாளிகளும் அதில் அடங்க வேண்டும், ஏனென்றால் அரசு அலுவலகத்தின் முதல் குரல் பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்கிறது. அதே அளவுக்கு அவர்களையும் மேலதிகாரிகள் ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும். நாள் முழுதும் ஒருமையை வாங்குகிறவரிடமிருந்து பன்மையை எதிர்பார்க்க முடியாது. காவலர் பயிற்சிப் பள்ளிகளிலும், பவானிசாகரில் அரசுப் பணியாளர்களுக்கு அடிப்படைப் பயிற்சி தரும் நிலையத்திலும், மருத்துவ, செவிலியர் கல்லூரிகளிலும் இது பயிற்சியின் பகுதியாக வேண்டும். அரசுப் படிவங்களிலும் பள்ளிகளில் கற்றுத்தரும் விண்ணப்பக் கடிதங்களிலும் ‘தாழ்மையுடன்’, ‘கருணை கூர்ந்து’ ஆகியவற்றை நீக்கிவிட்டு, ‘விண்ணப்பிக்கிறேன்’, ‘கோருகிறேன்’ என்று நேராக எழுதக் கற்பிக்க வேண்டும். ஆணையால் மனம் மாறிவிடுமா என்று கேட்கலாம். ‘திரு’வும் ‘மாற்றுத் திறனாளி’யும் ஆணைகளாகத் தொடங்கி வழக்கமானவைதான். மனம் மாறும்வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறையும் அந்த ஒருமையைக் கேட்டுக்கொண்டே வளரும். நாவு முதலில் பழகட்டும்; மனம் பின்னால் வரும்.

தன் பெயரிலேயே சுயமரியாதையைத் தாங்கிய இயக்கம் தோன்றி நூறாண்டு ஆகிவிட்ட மாநிலம் இது. அதன் அரசு அலுவலகங்களில் நிற்கும் கடைசி மனிதருக்கும் ‘நீங்கள்’ என்ற சொல் கிடைக்க இன்னொரு நூறாண்டு ஆகக் கூடாது. அரசு அந்த ஆணையைத் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும். அதுவரை காத்திராமல், அரசுப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் நாளை காலை தமக்கு முன் வந்து நிற்கும் முதல் மனிதரிடமிருந்தே இதைத் தொடங்கலாம்.